நின்றுகொண்டே இருப்பதற்குப் பெயர் உடற்பயிற்சி இல்லை

மாசமாக இருக்கும் பெண் உடற்பயிற்சி செய்யலாமா என்று எங்கள் ஆம்பூரில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். இரண்டு விதமான பதில்தான் வரும். கொஞ்சம் வசதியான வீடாக இருந்தால், "அய்யய்யோ, புள்ளத்தாச்சிப் பொண்ணு, ஒரு குடம் தண்ணிகூட தூக்க விடமாட்டோம்" என்பார்கள். ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்ணின் வீடாக இருந்தால், "அவதான் காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நின்னுகினு வேலை செய்றாளே, அதுக்கு மேல இன்னா எக்சர்சைஸ்?" என்பார்கள்.

முதல் பதில் தப்பு என்று பத்திரிகைகளிலும் டி.வி.யிலும் டாக்டர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். கர்ப்பம் நோய் இல்லை, சும்மா படுத்துக் கிடக்காதீர்கள், நடங்கள், யோகா செய்யுங்கள் என்று எத்தனையோ கட்டுரைகள். நல்ல விஷயம்தான். ஆனால் அவை எல்லாமே நாள் முழுக்க உட்கார்ந்தோ படுத்தோ இருக்கும் பெண்ணை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கு யார் எழுதுகிறார்கள்? எங்கள் ஊரில் அவர்கள்தானே அதிகம்! அதனால் இந்தக் கட்டுரை இரண்டாவது பதிலைப் பற்றி.

வெளியூர் நண்பர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஆம்பூர் என்றால் உங்களுக்குப் பிரியாணி ஞாபகம் வரும். (வரட்டும், தப்பில்லை.) ஆனால் ஊருக்குச் சோறு போடுவது தோலும் ஷூவும். ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய இந்தப் பகுதி முழுக்கத் தோல் பதனிடும் ஆலைகளும் ஷூ தொழிற்சாலைகளும்தான். ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பது, ஓரம் மடிப்பது, பசை தடவுவது, நூல் வெட்டுவது, துடைத்துப் பெட்டியில் அடுக்குவது என்று பெரும்பாலும் பெண்கள் கைகளில்தான் வேலை ஓடுகிறது. விடிந்ததும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்களில் வந்து இறங்குவார்கள். தையல் மெஷினில் இருப்பவர்களுக்கு உட்கார இடம் உண்டு. மேஜை வேலை, ஃபினிஷிங், பேக்கிங் என்று போகிறவர்களில் பலருக்கு நின்றேதான் பொழுது போகும். அதற்கு முன்னால் விடியற்காலையில் எழுந்து சமைத்திருப்பார்கள். அதற்குப் பின்னால் ராத்திரிச் சமையல் காத்திருக்கும்.

"இவ்வளவு உழைக்கிற உடம்புக்குத் தனியா பயிற்சி எதுக்கு?" என்ற கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். எனக்கும் நியாயமாகத்தான் தோன்றியது, காலுக்குள் என்ன நடக்கிறது என்று படிக்கும்வரை.

நடக்கும்போது கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் சுருங்கி விரிகிறது. அப்படிச் சுருங்கும்போது காலில் இருக்கும் ரத்தக்குழாய்களைப் பிழிந்து, ரத்தத்தை மேலே இதயத்துக்கு ஏற்றிவிடுகிறது. கிணற்றடி கைபம்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும்போது பம்பை யாரும் அடிப்பதில்லை. ரத்தம் கீழேயே தேங்குகிறது. கர்ப்ப காலத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவே கிட்டத்தட்ட 40 முதல் 50 சதவீதம் கூடிவிடுகிறது. போதாததற்கு வளர்கிற கர்ப்பப்பை, கீழிருந்து ரத்தம் கொண்டுவரும் பெரிய சிரைகளை அழுத்துகிறது. விளைவு: கால் வீக்கம், நரம்பு சுருட்டல், முதுகுவலி, திடீரென்று கண் இருட்டி மயக்கம். பக்கத்தில் நிற்பவர்கள் "சாப்பிடாம வந்திருப்பா" என்று சோடா வாங்கிக் கொடுப்பார்கள்.

ஆக, வெளியிலிருந்து பார்க்க ஒரே "உழைப்பு" மாதிரி தெரிந்தாலும் நிற்பதும் நடப்பதும் உடம்புக்கு இரண்டு எதிரெதிர் வேலைகள். ஒன்று பம்பை நிறுத்துகிறது, இன்னொன்று ஓட்டுகிறது.

ஆராய்ச்சிகளும் இதைத்தான் சொல்கின்றன. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. 2018-ல் வெளியான அவர்களுடைய தொகுப்பில், கர்ப்ப காலத்தில் முறையாக உடற்பயிற்சி செய்த பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, பிரீ-எக்லாம்ப்சியா ஆகியவை வரும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. அதே குழு 2020-ல் இன்னொரு தொகுப்பை வெளியிட்டது. அது வேலையிடத்தைப் பற்றியது. கனம் தூக்குவது, நீண்ட நேரம் நிற்பது ஆகியவற்றுக்கும் குறைப்பிரசவத்துக்கும் தொடர்பு இருப்பது அதில் தெரிந்தது. நின்று வேலை செய்யும் எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று அர்த்தமில்லை. ஆபத்து ஓரளவு கூடுகிறது, அவ்வளவுதான். யாரும் பயந்துவிட வேண்டாம். ஆனால் கவனியுங்கள். அதே உடம்பு, அதே கால், அதே ஒன்பது மாதம். தானாக விரும்பி, தன் வேகத்தில், வேண்டும்போது நிறுத்திக்கொள்ளும் அசைவு நன்மை செய்கிறது. மெஷின் வேகத்துக்கும் டார்கெட்டுக்கும் கட்டுப்பட்ட, நிறுத்த முடியாத உழைப்பு அந்த நன்மையைத் தருவதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நம் சட்டம் எழுதியவர்களுக்கு இது 1961-லேயே தெரிந்திருக்கிறது! அந்த ஆண்டு வந்த மகப்பேறு நலச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. கர்ப்பிணித் தொழிலாளி கேட்டுக்கொண்டால், கடினமான வேலையோ நீண்ட நேரம் நிற்க வேண்டிய வேலையோ அவருக்குத் தரக்கூடாது. நிற்பதை சட்டமே தனியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அது அப்படியே வந்திருக்கிறது. எல்லோருக்கும் பொதுவாக இன்னொன்றும் உண்டு. நின்று வேலை செய்கிறவர்கள் இடையில் உட்கார வசதி செய்துதர வேண்டும் என்று 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. அதற்குப் பதிலாக 2020-ல் கொண்டுவரப்பட்ட சட்டத்திலும் உட்காரும் வசதி இருக்கிறது. கடைகளுக்கு மட்டும்தான் இது தாமதமாக வந்தது. "அங்காடித் தெரு" படத்தில் ஜவுளிக்கடைப் பிள்ளைகள் நாள் முழுக்க நிற்பதைப் பார்த்து 2010-ல் எல்லோரும் உச்சுக்கொட்டினோம். தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்ற சட்டத்திருத்தம் வந்தது 2021-ல்.

ஆனால் கர்ப்பிணிகளுக்கான அந்தப் பிரிவில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, அது ஒன்பது மாதத்துக்கும் இல்லை. பிரசவத் தேதிக்கு ஆறு வாரத்துக்கு முந்தைய ஒரு மாதம், அதற்குப் பிறகு விடுப்பு எடுக்காமல் வேலைக்கு வரும் நாட்கள், இவ்வளவுதான் கணக்கு. அதாவது ஏழாவது மாதம் முடியும்வரை நின்றால் சட்டத்துக்குக் கவலை இல்லை. இரண்டு, "கேட்டுக்கொண்டால்". இந்த ஒரு வார்த்தைதான் எனக்கு உறுத்துகிறது. யார் கேட்பார்கள்? வயிறு தெரியும்வரை விஷயத்தையே வெளியில் சொல்லாமல் வேலைக்குப் போகிற பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். லைனில் இருந்து எடுத்துவிடுவார்களோ, அடுத்த மாதம் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறதே என்றால், சிரிப்பார்கள். என் கருத்து இதுதான்: கேட்க வேண்டியது அந்தப் பெண்ணின் வேலையாக இருக்கக் கூடாது. கர்ப்பம் பதிவான நாளிலிருந்து, கேட்காமலேயே, ஒரு ஸ்டூல் வந்துவிட வேண்டும். ஒரு ஸ்டூல் என்ன விலை இருக்கும்?

எங்கள் எதிர்வீட்டு அக்கா ஒருவர் பேக்கிங்கில் இருந்தார். ஆறாம் மாதத்தில் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பாதம் இரண்டும் வீங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வருவார். செக்கப்பில் நர்ஸ் "தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மாமியார் அதைக் கேட்டுவிட்டு, "நாள் பூரா நிக்கிறது பத்தாதாமா?" என்று சிரித்தாராம். அக்காவுக்கே அப்படித்தான் தோன்றியிருக்கிறது. பிறகு அவர் வீட்டுக்காரர் கம்பெனியில் தெரிந்தவர்களிடம் பேசி, உட்கார்ந்து நூல் வெட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டில் ராத்திரிச் சமையலையும் அந்த அண்ணன் எடுத்துக்கொண்டார். (சப்பாத்தி எல்லாம் ஒரு மாதிரி மேப் வடிவத்தில் வரும்.) மிச்சமான நேரத்தில் அக்கா மொட்டை மாடியில் நடக்க ஆரம்பித்தார், பேச்சுத் துணைக்கு நான். ஒரு வாரம் கழித்து அவர் சொன்னது: "நிக்கும்போது கால் கனக்குது. நடந்தா லேசாவுது. நான் ரெண்டும் ஒண்ணுன்னு இல்ல நெனச்சேன்."

கவனித்தீர்களா? அவர் நடப்பதற்கு முன்னால் இரண்டு பேர் நகர வேண்டியிருந்தது. கம்பெனியில் ஒருவர், வீட்டில் ஒருவர். "நடங்கம்மா" என்று அவரிடம் மட்டும் சொல்லிவிட்டால் அது அறிவுரை இல்லை, பதினைந்தாவது வேலை.

சரி, எவ்வளவு, எப்படி என்ற விஷயத்துக்கு வருவோம். டாக்டர்களே இதில் மனதை மாற்றிக்கொண்டவர்கள்தான். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 1985-ல் வெளியிட்ட வழிகாட்டியில், கர்ப்பிணியின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 140-ஐத் தாண்டக் கூடாது, கடுமையான பயிற்சி 15 நிமிடத்துக்கு மேல் கூடாது என்றார்கள். 1994-ல் அந்த 140 கணக்கை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அந்த எண் இன்னும் அங்கங்கே சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. இன்றைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி, வேறு சிக்கல் இல்லாத கர்ப்பிணிகளுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது. தினமும் அரை மணி வீதம் ஐந்து நாள். ஒரேயடியாக அரை மணி முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். இதுவரை பழக்கமே இல்லாதவர்கள் ஐந்து நிமிடத்தில் ஆரம்பித்தால் போதும்.

"மிதமான" என்றால் என்ன என்பதற்கு வாட்சோ கருவியோ தேவையில்லை. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. பாட வந்தால் கொஞ்சம் வேகம் கூட்டலாம். ஒரு வாக்கியம் பேசுவதற்குள் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி இது. துணைக்கு ஒரு ஆள் இருந்தால்தான் சோதிக்க முடியும் என்பது கூடுதல் லாபம்.

எல்லாப் புத்தகத்திலும் நீச்சல் மிக நல்லது என்று முதல் வரியில் இருக்கும். எங்கள் ஊரில் அதைப் பற்றிப் பேச வேண்டாம். பாலாற்றில் வருடத்தில் பாதி நாள் மணல்தான், தண்ணீர் வந்தாலும் அதில் இறங்குகிற மாதிரியா வைத்திருக்கிறோம்? தோல் ஆலைக் கழிவைப் பற்றி வேலூர் மக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது. அந்தக் கதையைத் தனியாக எழுத வேண்டும். ஆக நமக்கு இருப்பது நடை. எங்கே நடப்பது? நடைபாதை இல்லாத ரோடு, ஹாரன், தெருநாய், "வயித்தைத் தள்ளிக்கினு எங்க போறா?" என்று பார்க்கும் கண்கள். புர்கா போட்டு வெளியே வரும் அக்காக்களுக்கு வெக்கையும் சேர்ந்துகொள்கிறது. அதனால் நான் மொட்டை மாடிக் கட்சி. மாடி இல்லாதவர்களுக்கு வீட்டின் வாசலிலிருந்து கொல்லைப்புறம் வரை போய்வந்தாலே நடைதான்.

வெயில் ஒரு முக்கியமான விஷயம். ஐரோப்பாவில் எழுதப்பட்ட அறிவுரையை அப்படியே வேலூர் வெயிலில் செய்யக் கூடாது. உடம்பு அளவுக்கு மீறிச் சூடாவது, அதிலும் முதல் மூன்று மாதத்தில், கருவுக்கு நல்லதில்லை. கத்திரியில் காலை ஏழு மணிக்குள் அல்லது பொழுது சாய்ந்து தரை ஆறிய பிறகு நடக்கலாம். தளர்ந்த பருத்தித் துணி, கையில் தண்ணீர் பாட்டில். பட்டினியோடு நடக்கக் கூடாது. மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டவுடனும் வேண்டாம்.

அப்புறம் செருப்பு. கர்ப்பத்தில் மூட்டு இணைப்புகள் தளரும், எடை முன்பக்கம் சாயும், தடுமாறி விழ வாய்ப்பு அதிகம். தேய்ந்துபோன ஹவாய் செருப்பில் வேகமாக நடப்பது ஆபத்து. அளவான, வழுக்காத, பின்பக்கம் வார் வைத்த காலணி வேண்டும், வீக்கத்துக்கு இடம் விட்டு. உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் ஊரில் இதைத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது பாருங்கள்!

நடையோடு வேறு சிலதும் சேர்க்கலாம். சுவரில் கையை ஊன்றித் தள்ளுவது. சம்மணம் போட்டு உட்கார்ந்து தோளைச் சுழற்றுவது. கைகால் ஊன்றி மாடு மாதிரி நின்று முதுகை மேலே வளைத்து இறக்குவது. முதுகுவலிக்கு இதமாக இருக்கும். சிறுநீரை அடக்குவது மாதிரி அடித்தசையை இறுக்கிச் சில நொடி வைத்து விடுவது. இதை பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது. பிரசவத்துக்குப் பிறகு இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசியும் தொல்லையைக் குறைக்க இது உதவுகிறது. நம் வீடுகளில் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் வருடக்கணக்கில் சகித்துக்கொள்ளும் தொல்லை அது. முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகள் வேண்டாம். மூச்சை அடக்கிச் செய்வது, குதிப்பது, குப்புறப் படுப்பது, வயிற்றை முறுக்கும் ஆசனங்கள் எல்லாமே வேண்டாம். யோகா நல்லதுதான், ஆனால் செல்போனில் பார்த்து அல்ல, கர்ப்பிணிகளுக்குச் சொல்லித்தரத் தெரிந்தவரிடம்.

"குனிஞ்சு வீடு துடைச்சா சுகப்பிரசவம் ஆகும்" என்ற பேச்சுக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஆட்டுக்கல், அம்மி என்றார்கள். இப்போது அவை இல்லாததால் மாப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குனிந்து துடைக்கச் சொல்கிறார்கள். குந்தி உட்கார்ந்து எழுவது தொடைக்கும் இடுப்புக்கும் நல்ல பயிற்சி, மறுக்கவில்லை. ஆனால் ஈரத்தரையில் ஏழாம் மாத வயிற்றோடு தவழ்ந்து துடைப்பதால் பிரசவம் சுகமாகும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. வழுக்கி விழுவதற்கு உண்டு. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் (2019-21) தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் 63.8, அரசு ஆஸ்பத்திரிகளில் 36. வீடு துடைக்காததால்தான் ஒருத்திக்கு வயிற்றைக் கிழித்தார்கள் என்றால், அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் மட்டும் ஒழுங்காகத் துடைக்கிறார்களா என்ன? சிசேரியனுக்குக் காரணம் நூறு இருக்கலாம். அதைத் துடைப்பத்தின் மேல் போட்டு, கடைசியில் அந்தப் பெண்ணையே குற்றவாளி ஆக்குவதுதான் எனக்குக் கோபம்.

யார் செய்யக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, ஆரம்பிப்பதற்கு முன் உங்கள் டாக்டரையோ கிராம சுகாதார செவிலியரையோ ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். ரத்தப்போக்கு இருப்பவர்கள், நஞ்சு கீழிறங்கி இருப்பதாக ஸ்கேனில் சொல்லப்பட்டவர்கள், கர்ப்பப்பை வாயில் தையல் போட்டவர்கள், பிரீ-எக்லாம்ப்சியா உள்ளவர்கள், இதயம் அல்லது நுரையீரல் நோய் உள்ளவர்கள் தாமாக ஆரம்பிக்கக் கூடாது. ரத்தசோகை இன்னொன்று. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, 48.3 சதவீதம், ரத்தசோகை இருந்தது. லேசாக இருந்தால் மாத்திரையும் கீரையும் முட்டையுமாகச் சரிசெய்துகொண்டே மெதுவாக நடக்கலாம். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே என்றால் அது கடுமையான ரத்தசோகை. அப்போது நடைப்பயிற்சி அவசரமில்லை, ஆஸ்பத்திரிதான் அவசரம்.

நடந்துகொண்டிருக்கும்போது ரத்தம் பட்டாலோ, நீர் ஒழுகினாலோ, விட்டுவிட்டு வலி வந்தாலோ, நெஞ்சுவலி, தலைசுற்றல், கடுமையான தலைவலி, ஒரு காலின் கெண்டையில் மட்டும் வலியோடு வீக்கம், குழந்தையின் அசைவு குறைந்ததுபோல் தோன்றுவது என்று எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடும்" என்று இருக்கக் கூடாது. இதே அறிகுறிகள் லைனில் நிற்கும்போது வந்தாலும் அதே விதிதான். அங்கே நிறுத்த முடிகிறதா என்பதுதான் உடற்பயிற்சிக்கும் வேலைக்கும் உள்ள வித்தியாசம் என்று நான் மேலே சொன்னது.

கடைசியாகச் சர்க்கரை. கர்ப்ப காலத்தில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவது நம் பெண்களிடம் அதிகம். சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷய்யா பல வருடம் இதைச் சொல்லிக்கொண்டே இருந்ததன் பலனாக, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பதை நாட்டிலேயே முதலில், 2007-ல், தமிழ்நாடு கொண்டுவந்தது. அவருடைய பிறந்தநாளான மார்ச் 10-ஐக் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். நடக்கும்போது தசைகள் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை எடுத்துக்கொள்வதால், சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதே நல்ல மருந்து. கம்பெனியில் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் செய்யக்கூடியது இது. இடைவேளை அவ்வளவு நீளமாக இருந்தால்.

அந்தப் பரிசோதனை எப்படி நடக்கும் தெரியுமா? 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். அந்த இரண்டு மணி நேரம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெஞ்சில் கர்ப்பிணிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அப்போது நடக்கச் சொல்லக் கூடாது, அளவு மாறிவிடும். ஆனால் சொல்லித்தரலாமே! பேச்சு விதி, செருப்பு, அடித்தசைப் பயிற்சி, எப்போது நிறுத்த வேண்டும், சட்டத்தில் ஸ்டூல் இருக்கிறது என்ற தகவல், எல்லாம் சேர்த்து இருபது நிமிடப் பேச்சுதான். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கான சிறப்புப் பரிசோதனை நாள் 2016-லிருந்து நடக்கிறது, அன்றைக்கும் செய்யலாம். கூட வரும் மாமியாரையும் வீட்டுக்காரரையும் வெளியே நிற்க வைக்காமல் உள்ளே உட்கார வைத்தால் இன்னும் நல்லது. பிசியோதெரபி படிக்கும் நண்பர்கள் இதைப் படித்தால் யோசியுங்கள். உங்களுக்கு இன்டர்ன்ஷிப் மாதிரி ஆச்சு, எங்கள் ஊர் அக்காக்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் இருந்த மாதிரியும் ஆச்சு.